கீழ்நாட்டுக் காயும் மேல்நாட்டு மண்ணும்

கேள்வி: அக்கா, கல்யாணமாகி மதுரையிலிருந்து கோத்தகிரிக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் அரை சென்ட் இடம் சும்மா கிடக்கிறது. முன்பு தேயிலை இருந்த நிலமாம். கத்தரி, வெண்டை, தக்காளி, கறிவேப்பிலை, கூடவே புதினா, மல்லி போட ஆசை. இதுவரை ஒரு செடிகூட வளர்த்ததில்லை. எதிலிருந்து ஆரம்பிப்பது?

பதில்: உங்கள் பட்டியலில் பாதியை அடிக்கப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். வெண்டைக்கும் கத்தரிக்கும் உங்கள் மதுரை வெயில் வேண்டும். நானும் திருச்சியிலிருந்து வந்த முதல் வருடம் இருபது வெண்டை விதை ஊன்றினேன். ஏழு முளைத்தன. சாண் உயரத்தோடு நின்றுபோய், மொத்தமே இரண்டு காய் காய்த்தது, சுண்டுவிரல் அளவில். மாமியார் அதை மோர்க்குழம்பில் போட்டு, "உன் தோட்டத்துக் காய்மா" என்று எனக்கே பரிமாறினார். தக்காளி மழையில் கருகிவிடும். விடமாட்டேன் என்றால் தாழ்வாரத்தில், தொட்டியில் ஒன்றிரண்டு வையுங்கள். கறிவேப்பிலையைக் கீழேயிருந்து வருகிறவர்களிடம் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

விதை வாங்கும் முன் மண்ணைப் பாருங்கள். தேயிலைக்குப் புளித்த, அதாவது அமிலத்தன்மை உள்ள மண் பிடிக்கும். கோஸ், பீட்ரூட்டுக்குப் பிடிக்காது. தேயிலை பிடுங்கிய இடத்தில் அப்படியே காலிஃபிளவர் நாற்று நட்டேன். தண்ணீர் விட்ட பிறகும் மதியமானால் இலை துவண்டது. ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேர் முழுக்க இஞ்சிக் கிழங்கு மாதிரி வீங்கியிருக்கிறது. புளித்த ஈர மண்ணில் வரும் நோய் அது. அதனால் மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்து, அவர்கள் சொல்லும் அளவில் டாலமைட் (மண்ணின் புளிப்பைக் குறைக்கும் சுண்ணாம்புக் கல் தூள்) போட்டுக் கொத்திவிடுங்கள். தொழு உரத்தை அதோடு சேர்த்துப் போடாதீர்கள். இரண்டு மூன்று வாரம் கழித்துப் போடலாம்.

அந்த இடைவெளியில் ஒரு வேலை. காலை ஒன்பது, மதியம் பன்னிரண்டு, மூன்று மணிக்குப் பின்கட்டுக்குப் போய் வெயில் எங்கே விழுகிறது என்று தாளில் வரையுங்கள். மலையில் ஒரு சில்வர் ஓக் மரம் போதும், பாதித் தோட்டத்தை நிழலாக்கிவிடும். ஆறு மணி நேரம் வெயில் விழும் இடம் பீன்ஸுக்கும் கிழங்குக்கும், மீதி கீரைக்கு. பாத்தியைச் சரிவுக்குக் குறுக்கே, மூன்றடி அகலத்துக்கு மிகாமல் எடுங்கள். சரிவோடு எடுத்தால் ஐப்பசி மழையில் உங்கள் மண் பக்கத்து வீட்டுக்குப் போய்விடும்.

முதலில் முள்ளங்கி. ஒன்றரை மாதத்தில் கைக்கு வந்துவிடும், தெம்பும் வரும். அப்புறம் குத்துச்செடி பீன்ஸ், பீட்ரூட். கேரட்டை நாற்றுவிடாமல் நேரே விதைக்க வேண்டும். கல்லும் மக்காத சாணமும் இருந்தால் கால் பிரிந்து வரும். மல்லி விதையை இரண்டாக உடையும்படி தேய்த்துப் போடுங்கள். புதினாவைத் தொட்டியோடு நிறுத்துங்கள், தரையில் விட்டால் அரை சென்ட்டும் அதற்குத்தான். ரோஸ்மேரி விதையோடு மல்லுக்கட்டாமல் யாரிடமாவது ஒரு குச்சி வாங்கி நடுங்கள். சித்திரை மழை விழுந்ததும், கார்போகம் என்கிற விதைப்புப் பருவத்தில் தொடங்கினால் சரியாக இருக்கும்.

கேள்வி: ஊட்டியில் பள்ளத்தில் வீடு. போன ஜனவரியில் ஒரே இரவில் பீன்ஸ் கருகிவிட்டது. மேட்டு வீட்டில் அப்படி இல்லையே?

பதில்: அது உறைபனி. குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். டிசம்பர், ஜனவரியில் பீன்ஸ் வேண்டாம்; பூண்டு போடுங்கள். சின்ன நாற்றுகளை, தாவரவியல் பூங்காவில் செய்வது போல, கோத்தகிரி மிலார் என்கிற செடியால் மாலையில் மூடுங்கள். விடிந்ததும், வெயில் ஏறும் முன் தண்ணீர் தெளித்துப் பனியைக் கழுவிவிடுங்கள்.

கேள்வி: காட்டெருமை தோட்டத்துக்குள் வந்தால் எப்படி விரட்டுவது? — குன்னூர் வாசகர்

பதில்: விரட்டாதீர்கள். கதவைச் சாத்திக்கொண்டு வனத்துறைக்குப் போன் செய்யுங்கள். என் முட்டைகோஸ் பாத்தியை ஒன்று மேய்ந்தபோது நான் சமையலறை ஜன்னலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன்: பதினான்கு.