வாசகர் கேள்வி பதில்: போதைக்கு ஒரு வாசல், மனசுக்கு ஒரு வாசலா?

கேள்வி: என் பையனுக்கு 22 வயசு. வலி மாத்திரைக்கு அடிமையாயிட்டான், கூடவே டிப்ரஷனும் இருக்கு. மனநல டாக்டர் முதல்ல மாத்திரைய விட்டுட்டு வரச் சொல்றார், ரீஹேப்ல மனச சரி பண்ணிட்டு வாங்கன்றாங்க. இன்ஷூரன்ஸும் இல்ல. ரெண்டையும் ஒரே இடத்துல பார்க்கணும்னு சட்டம் இருக்காமே, நிஜமா?
– பெயர் வேண்டாம், நியூஜெர்சி

பதில்: நிஜம்தாம்மா. டெபி ஸ்டாபெனோ, ராய் பிளண்ட்னு ரெண்டு செனட்டர்கள், ஒருத்தர் டெமாக்ரட் இன்னொருத்தர் ரிபப்ளிகன், சேர்ந்து போராடி 2014-ல நிறைவேத்தினது. 2017-ல 8 மாநிலத்துல சோதனையா ஆரம்பிச்சாங்க, உங்க நியூஜெர்சியும் அதுல ஒண்ணு. இந்தச் சட்டப்படி சான்று வாங்கின சமூக மனநல கிளினிக்குக்கு சிசிபிஹெச்சின்னு (CCBHC) பேரு, நீங்க போற இடம் அதானான்னு போன்லயே கேட்டுக்கோங்க. அங்க மனநலம், போதை ரெண்டுக்கும் வைத்தியம் உண்டு, காசு இல்லன்னு திருப்பி அனுப்பக்கூடாது, வருமானத்துக்கு ஏத்த ஃபீஸ்தான், அவசரம்னா ஒரு வேலை நாளுக்குள்ள, சாதாரணமா வந்தாலும் 10 வேலை நாளுக்குள்ள பார்த்தாகணும். வலி மாத்திரை ஏக்கத்த அடக்குற புப்ரெனார்ஃபின் மருந்து குடுத்தா "இதுவும் போதைதானே"ன்னு சொந்தக்காரங்க பேசுவாங்க, காதுல வாங்காதீங்க, அது உயிரக் காப்பாத்துற மருந்து. ஓவர்டோஸ் ஆனா மூச்ச மீட்டுக் குடுக்கிற நலாக்ஸோன் மூக்கு ஸ்ப்ரே சீட்டு இல்லாமலே கடைல கிடைக்குது, இன்னைக்கே வாங்கி வீட்டுல வைங்க. பையன் சம்மதம் இல்லாம கிளினிக் உங்ககிட்ட எதுவும் சொல்லாது, ஆனா உங்களுக்குத் தெரிஞ்சத நீங்க அவங்ககிட்ட தாராளமா சொல்லலாம்.

கேள்வி: இவ்ளோ நல்ல விஷயத்த எல்லா மாநிலத்துலயும் ஒரே நாள்ல கொண்டுவந்தா என்ன?
– ஒரு வாசகர், அட்லாண்டா

பதில்: எனக்கும் இதே கோபம்தாங்க. 1963-லயே அதிபர் கென்னடி, பெரிய மனநோய் ஆஸ்பத்திரிகளுக்குப் பதிலா ஊருக்குள்ளயே மையம் வேணும்னு சட்டத்துல கையெழுத்துப் போட்டார், மூணு வாரத்துல அவரையே சுட்டுக் கொன்னுட்டாங்க. அப்புறம் நினைச்சதுல பாதி மையம்தான் வந்துச்சு, கட்ட பணம் இருந்தது, தொடர்ந்து நடத்தத்தான் இல்ல. இந்த 2014 சட்டம் கை வச்சதே அந்த இடத்துலதான். முன்னாடி ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி பில், அதனால ராத்திரி முழிச்சு போன் எடுக்கிறவங்களுக்கும் தெருவுல ஆளைத் தேடிப் போறவங்களுக்கும் சம்பளம் எங்கிருந்து வரும்? இப்ப கிளினிக்குக்கு நிஜமா ஆகுற செலவக் கணக்குப் பண்ணி, மெடிகெய்ட் (வருமானம் குறைஞ்சவங்களுக்கான அரசு இன்ஷூரன்ஸ்) நாளுக்கோ மாசத்துக்கோ ஒரு ரேட் குடுக்குது. 2022-ல துப்பாக்கிப் பாதுகாப்பு சட்டத்தோட சேர்த்து எல்லா மாநிலத்துக்கும் வழி திறந்தாங்க, ஆனா 2024-லேர்ந்து ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை 10 மாநிலம் வரைக்கும்தான்! ஓவர்டோஸ் அப்படிக் காத்திருக்குமா? மாநிலம்தான் விண்ணப்பிக்கணும், அதனால உங்க கவர்னர் ஆபிஸுக்கு எழுதுங்க, எப்ப விண்ணப்பிக்கப் போறீங்கன்னு நேராவே கேளுங்க.