இருவாச்சியின் கண்

அன்புள்ள அண்ணா,

போன சனிக்கிழமை பசியாறும்போது திடீரென்று பேச்சு வந்து, நான்கு பேர் அப்படியே சுங்கை சிப்புட்டிலிருந்து காடியை எடுத்துக்கொண்டு கிரீக் வழியாகத் தெமெங்கோர் ஏரிப்பக்கம் போய்விட்டோம். சாலையோரக் காட்டில் தலையில் கொம்பு வைத்த பெரிய இருவாச்சிப் பறவை ஒன்றைப் பார்த்தோம். கைப்பேசியில் எடுத்த படம் வெறும் கறுப்புத் தீற்றலாக வந்தது. நண்பர் ஒருவர் யூடியூபில் அதன் குரலைத் தேடி ஒலிக்கவிட்டார். இரண்டு முறை எங்கள் தலைக்கு மேல் வந்து போனது. எனக்கு அது சரியாகப் படவில்லை. அப்படிச் செய்யலாமா? நல்ல கேமரா வாங்கித்தான் ஆகவேண்டுமா?

ம., சுங்கை சிப்புட்

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் மனதில் பட்டதுதான் சரி. அந்தக் குரலைக் கேட்டு, தன் இடத்துக்குள் வேறொரு இருவாச்சி புகுந்துவிட்டது என்று எண்ணித்தான் அது வந்திருக்கும். பெண் இருவாச்சி முட்டையிட மரப்பொந்துக்குள் போய், வாசலை மண்ணாலும் எச்சத்தாலும் அடைத்துக்கொள்ளும். அலகு நுழையுமளவு ஒரு கீறல்தான் மிச்சம். ஆண் பழங்களைத் தொண்டையில் சேர்த்து வந்து, ஒவ்வொன்றாகக் கக்கி அதன் வழியே ஊட்டும். மாதக்கணக்கில் இதே வேலை. நீங்கள் பார்த்தது அப்படியோர் ஆணாக இருந்தால், அது உங்களைச் சுற்றிய நேரமெல்லாம் உள்ளே பசியோடு ஒருத்தி காத்திருந்திருப்பாள். நண்பரைத் திட்டவேண்டாம், இதைச் சொன்னாலே போதும்.

கேமரா இப்போது வேண்டாம். அதில் பாதி விலைக்கும் குறைவாக 8x42 பைனாகுலர் (எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடி 42 மி.மீ. அகலம்) ஒன்று வாங்குங்கள். அந்த இருவாச்சியின் கண்ணைப் பார்த்தீர்களா? சிவப்பாக இருந்தால் ஆண், வெளுப்பாக இருந்தால் பெண். படமெடுக்கும் அவசரத்தில் இதைத்தான் தவறவிடுகிறோம்.

எங்கள் தோட்டத்தில் செம்பனை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஒரு காட்டு அத்தி நிற்கிறது. பழுத்த நாட்களில் விடியுமுன்பே போய் அதன் கீழே உட்கார்ந்துவிடுவேன். முதலில் இறக்கைச் சத்தம்தான் வரும், மலையேறும் ரயில் மூச்சு வாங்குவதுபோல. அப்புறம் கிளை ஆடும். அலகு நுனியால் பழத்தைக் கிள்ளி, தலையை அண்ணாந்து, மேலே தூக்கிப் போட்டு விழுங்கும். நாக்கு அவ்வளவு குட்டை. அந்தக் கொம்பின் ஆரஞ்சு நிறம்கூடப் பூச்சுதான். வாலடியில் சுரக்கும் எண்ணெயைத் தலையைத் திருப்பித் திருப்பித் தேய்த்துக்கொள்வதை ஒரு காலை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். படம் ஒன்றுகூட எடுக்கவில்லை.

மலேசியாவின் 10 வகை இருவாச்சிகளும் பெலும் தெமெங்கோர் காட்டில் இருக்கின்றன. ராயல் பெலும் பூங்காவுக்குள் போக முன்கூட்டியே அனுமதி வாங்கவேண்டும், நினைத்தவுடன் கிளம்பினால் சாலையோரமும் ஏரிக்கரையும்தான். அதுவே நிறைய. இருட்டுமுன் திரும்பிவிடுங்கள், அந்தச் சாலையில் யானைகள் இறங்கும்.

ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். முகநூலில் படம் போட்டால் இடத்தைப் போடாதீர்கள். தலைக்கொம்பு தந்தம்போல் கெட்டியாக இருக்கும் வகை ஒன்று அங்கே உண்டு. அந்தக் கொம்புக்காகவே சுட்டுச் சுட்டு, 2015ல் அது அழிவின் விளிம்பில் இருக்கும் இனங்களின் பட்டியலுக்குப் போய்விட்டது. தேடி வருகிறவர்களும் முகநூல் பார்க்கிறார்கள்.

எங்கள் அத்தி அடுத்து பழுக்கும்போது எழுதுகிறேன். அந்த நண்பரையும் கூட்டி வாருங்கள். பைனாகுலர் என்னிடம் இரண்டு இருக்கிறது.