இது பழைய வலியா, புதிய வலியா?

கேள்வி: எனக்கு வயது 36. இருமினாலும் தும்மினாலும் பின்மண்டை பிளப்பது போல் வலித்ததற்குச் சியாரி குறைபாடுதான் காரணம் என்று எம்.ஆர்.ஐ.யில் தெரிந்து, ஏழு வாரங்களுக்கு முன் அழுத்த நீக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். இப்போது இருமினால் அந்த வலி வருவதில்லை. ஆனால் கழுத்து பலகை போல் இறுகிக் கிடக்கிறது. மாலையானால் தலையைத் தூக்கி வைத்திருப்பதே பெரும்பாடாகிவிடுகிறது. சிகிச்சை பலிக்கவில்லையோ என்ற பயத்தில் உறக்கம் வருவதில்லை.

பதில்: உங்கள் கேள்விக்கான விடையில் பாதியை நீங்களே எழுதிவிட்டு, அதைக் கவனிக்காமல் கடந்து போயிருக்கிறீர்கள். இருமும்போது வந்த வலி நின்றுவிட்டது என்கிறீர்களே, பெரும்பாலும் அதற்காகத்தான் இந்தச் சிகிச்சையே செய்யப்படுகிறது.

சிறுமூளையின் கீழ்நுனிகள் மண்டையோட்டின் அடித்துளை வழியாகக் கழுத்துப் பக்கம் இறங்கி, குப்பியின் வாயில் தக்கை செருகியது போல் அடைத்துக்கொள்வதைத்தான் சியாரி குறைபாடு என்கிறோம். 1891-இல் இதை விவரித்த ஹான்ஸ் சியாரியின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. பொதுவாக 5 மில்லிமீட்டருக்கு மேல் இறங்கியிருந்தால் குறைபாடு என்று கணக்கிடுவார்கள். ஆனால் அளவைவிட அடைப்புதான் முக்கியம். இருமும்போது மூளைத் தண்டுவடத் திரவம் தடையின்றி ஓட முடியாமல் போவதால் அழுத்தம் சட்டென்று ஏறி, வலி மின்னலைப் போல் வந்து போகிறது. உங்களுக்குப் பிடரி எலும்பில் ஒரு துண்டையும், கழுத்தின் முதல் முள்ளெலும்பின் பின்வளைவையும் எடுத்து, பல இடங்களில் செய்வது போல் மூளையுறையையும் திறந்து ஒட்டுப் போட்டு விரித்துத் தைத்திருப்பார்கள்.

அந்த எலும்பை அடைவதற்கு வழியில் இருந்த கழுத்துத் தசைகளை நடுக்கோட்டில் பிரித்து விலக்கித்தான் ஆகவேண்டும். நான்கைந்து கிலோ எடையுள்ள தலையை விழித்திருக்கும் நேரமெல்லாம் நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் அவை. கையை உடைத்துக்கொண்டால் தொட்டில் கட்டி ஓய்வு கொடுக்கலாம். கழுத்துக்கு அந்த வசதி இல்லை. காலையில் தேவலை, மாலையில் பாரம், சாய்ந்து படுத்தால் ஆசுவாசம் என்றால், அது தசை வலியின் போக்கு. மாறாக, பழைய வலி இருமல், குனிதல், முக்குதல் ஆகியவற்றோடு வந்து சில நொடிகளில் அல்லது நிமிடங்களில் அடங்கும். இரண்டிலும் சேராத மூன்றாவது ஒன்றும் உண்டு. எழுந்து உட்கார்ந்தால் ஏறி, படுத்தால் விரைவில் குறையும் தலைவலி, திரவம் கசிந்து அழுத்தம் இறங்கியிருப்பதன் அடையாளமாக இருக்கலாம்; அதை மறுநாளைக்குத் தள்ளாமல் மருத்துவரிடம் சொல்லவேண்டும். எந்த நேரத்தில், எந்த நிலையில், எதைச் செய்யும்போது வலித்தது என்று ஒரு வாரம் குறித்துவைத்தீர்களானால், மறுபரிசோதனையில் உங்கள் மருத்துவருக்கு அந்த ஒரு தாளே பெரிய உதவியாக இருக்கும்.

பயந்து கழுத்தை அசைக்காமலே வைத்திருப்பதுதான் பலர் செய்யும் தவறு. இறுக்கம் அதனாலேயே கூடுகிறது. நாள் முழுதும் ஒரே மூச்சாக உட்கார்ந்திருப்பதைவிட, அரைமணிக்கொருமுறை தலையைச் சாய்த்துப் பத்து நிமிடம் இளைப்பாறுவது நல்லது. அறுவை மருத்துவரின் ஒப்புதல் கிடைத்ததும் பிசியோதெரபியை மெதுவாகத் தொடங்குங்கள். கழுத்தைச் சொடுக்கெடுக்க மட்டும் யாரையும் அனுமதிக்காதீர்கள். அங்கே எலும்பின் ஒரு பகுதி இல்லை என்பது அவருக்குத் தெரியாது. தையலுக்கு மேலே உச்சி வரை மரத்திருப்பதாகச் சிலர் சொல்வார்கள். தோல் நரம்புகள் அறுபட்டதன் விளைவு அது. பெரும்பாலும் மாதக்கணக்கில் மெல்லத் திரும்பும்.

கேள்வி: என் மனைவிக்கு இதே சிகிச்சை முடிந்து பன்னிரண்டு நாள் ஆகிறது. இன்று காலை தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்கு ஈரம். இரத்தமோ சீழோ இல்லை. தண்ணீர் போலத்தான் இருக்கிறது. வியர்வை என்று விட்டுவிடலாமா?

பதில்: விட்டுவிடாதீர்கள். இதைப் படித்து முடிப்பதற்குள் அவருடைய மருத்துவமனைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு, இன்றே கிளம்புங்கள். தையலிலிருந்து தெளிந்த நீர் கசிவது மூளைத் தண்டுவடத் திரவமாக இருக்கக்கூடும். திரவம் வெளியே வரும் வழியில் கிருமி உள்ளே போகும். காய்ச்சல், மோவாய் மார்பைத் தொடாத அளவுக்குக் கழுத்து விறைப்பு, வெளிச்சத்தைக் கண்டால் கூச்சம், நிற்காத வாந்தி, மயக்கம், விழுங்குவதில் தடுமாற்றம், தையலுக்கு அடியில் பெரிதாகும் மெத்தென்ற வீக்கம் ஆகியவற்றில் எது இருந்தாலும் அவசரப் பிரிவுக்கே போகவேண்டும். உறையைத் துவைத்துவிடாமல் கையோடு எடுத்துச் செல்லுங்கள். ஈரத்தின் அளவைக் கண்ணால் பார்ப்பது வாயால் சொல்வதைவிடத் தெளிவு.

கசிவு இல்லை என்றே தெரிந்தாலும், மலச்சிக்கலுக்கு மருந்து கேட்டு வாங்குங்கள். வலி மாத்திரைகளில் சில குடலை மந்தப்படுத்தும். முக்கினால் தலைக்குள் அழுத்தம் ஏறி, புதிய தையலைச் சோதிக்கும். வீட்டில் கூச்சத்தால் யாரும் கேட்காத கேள்வி இது. எழும்போது நேராக நிமிராமல், தோளும் இடுப்பும் சேர்ந்து திரும்பும்படி ஒருக்களித்து, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழச் சொல்லுங்கள். முதல் சில வாரங்களில் நிறைந்த வாளியைத் தூக்குவது போன்ற வேலை வேண்டாம். ஸ்டீராய்டு கொடுத்திருந்தால், தேறிவிட்டது என்று நீங்களாக நிறுத்தாமல் எழுதிக்கொடுத்த கணக்குப்படியே குறைத்து முடியுங்கள்.

கேள்வி: சிகிச்சை முடிந்து ஐந்து மாதம். தலைவலி போய்விட்டது. தண்டுவடத்துக்குள் இருந்த நீர்க்குழியும் சுருங்கிவிட்டதாக எம்.ஆர்.ஐ. சொல்கிறது. ஆனாலும் வலது கை விரல்களில் சட்டைப் பொத்தான் சிக்க மாட்டேன் என்கிறது. இது திரும்புமா?

பதில்: நீர்க்குழி சுருங்கியது நல்ல செய்தி, அது மேலும் கெடுவதைத் தடுக்கும். ஆனால் அது நெடுநாள் அழுத்தியிருந்த நரம்பு இழைகள் முழுமையாகத் தேறுமா என்பதைப் படம் சொல்லாது. தலைவலி முதலில் போவதும், மரத்துப்போதலும் வலுக்குறைவும் மெதுவாக, சில சமயம் பாதியளவு மட்டுமே சீராவதும் வழக்கம். ஐந்து மாதம் என்பது முடிவு கட்டும் காலம் அல்ல. கைவேலைப் பயிற்சி தரும் சிகிச்சையாளரிடம் போங்கள். பெரிய பொத்தானில் தொடங்கிச் சிறியதற்கு வாருங்கள். பலவீனம் கூடினாலோ இடது கைக்கும் பரவினாலோ உடனே மறுபரிசோதனை தேவை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த நீர்க்குழி பல வேளைகளில் தொடுவுணர்வை விட்டுவிட்டு, சூட்டையும் வலியையும் உணரும் திறனை மட்டும் பறித்துவிடும். பாத்திரம் கையில் இருப்பது தெரியும், சுடுவது தெரியாது. கொப்புளம் வந்த பிறகே பார்ப்பவர்கள் உண்டு. வெந்நீரின் சூட்டை வலது கையால் சோதிக்காதீர்கள்; வீட்டில் வேறொருவர் கைவிட்டுப் பார்த்த பிறகே குளிக்கச் செல்லுங்கள்.