மாமி சொன்ன வாடைக்காற்று

கேள்வி: ஐயா, எங்களுடையது இந்திய வீட்டுத்திட்ட வீடு. மூன்று வருடத்துக்கு முன்னர் வடகிழக்குச் சுவரோடு ஒரு பத்தி இறக்கி, முன்னுக்கு ரோலர் கேற் போட்டு வாகனம் விட எடுத்தோம். மோட்டார் சைக்கிள், லாண்ட்மாஸ்டர் என்கிற இரு சில்லு உழவு மெசின், தண்ணீர் இறைக்கும் மெசின், மருந்தடிக்கும் தாங்கி எல்லாம் அதற்குள்தான். அதிலிருந்து ஹோலுக்கு ஒரு கதவும் உண்டு. கணவர் காலை 5 மணிக்குப் பால் கொண்டு போகிறவர். மழை என்றால் கேற்றைத் திறக்காமலே சைக்கிளை ஸ்டார்ட் செய்து ஓடவிட்டுத்தான் கானைக் கட்டுவார். உயர்தரம் படிக்கும் மகள் பக்கத்து அறையில் படுக்கிறாள். ஐப்பசிக்குப் பிறகு காலையில் தலையிடி, குமட்டல். பள்ளிக்கூடம் போய்ப் பத்து மணியானால் சரியாகிவிடும். ஆடி, ஆவணியில் இப்படி இல்லை. மாமி இது வாடைக்குளிர் என்கிறா. எனக்குப் புகையில் சந்தேகம். எது சரி?
– வாசகி, வட்டக்கச்சி

பதில்: தங்கச்சி, ஆடி, ஆவணியில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை நான் திரும்பத் திரும்ப வாசித்தேன். மாமி சொல்வது பாதி சரி. குளிரால் அல்ல, ஆனால் வாடைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

ஆடி, ஆவணியில் சோளகம் தென்மேற்கிலிருந்து அடிக்கும்போது காற்று வீட்டுக்குள் வந்து, பத்திப் பக்கமாக வெளியே போகும். புகையையும் தன்னோடு கொண்டு போய்விடும். வாடை வடகிழக்கிலிருந்து வருவது. உங்கள் பத்தி நிற்பதும் அந்தப் பக்கம்தான். அப்போது காற்று முதலில் பத்திக்குள் புகுந்து, அங்கே இருப்பதை அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வரும். மழைக்குக் கேற்றும் ஜன்னலும் பூட்டியிருந்தால் அது வெளியேற வழியும் இல்லை.

கதவைச் சாத்தித்தானே வைத்திருக்கிறோம் என்று நினைப்பீர்கள். இன்று இரவு ஹோலில் நின்று, ஒரு டோர்ச்சை மேலே அடித்துப் பாருங்கள். எங்கள் பக்கத்து வீடுகள் பலவற்றில் சுவர் கூரை வரை போவதில்லை. ஓட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி இருக்கும், சில வீடுகளில் ஒரு முழமும் இருக்கும். வெக்கைக்கு அது நல்லதுதான். ஆனால் பத்திக்கும் வீட்டுக்கும் பொதுவான சுவரில் அந்த இடைவெளி இருந்தால் கதவைப் பூட்டி என்ன பயன்? சூடான புகை மேலெழுந்து, சுவருக்கு மேலால் மகளின் அறைக்குள் இறங்கும்.

அந்தப் புகையில் நான் முதலில் பயப்படுவது காபனோரொட்சைட்டு என்ற நச்சு வாயுவுக்கு. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினை அது ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் கூடிய வலுவோடு பற்றிக்கொள்ளும். நல்ல காற்றுக்கு வந்த பிறகும் அது பாதியாகக் குறைய 4, 5 மணித்தியாலம் எடுக்கும். ஐந்து மணிக்குப் புகை, பத்து மணிக்குத் தலையிடி விடுகிறது என்ற உங்கள் கணக்கோடு இது பொருந்துகிறது. டீசலில் ஓடும் லாண்ட்மாஸ்டரை விட, குளிர்ந்த எஞ்சினோடு ஸ்டார்ட் ஆகும் பெற்றோல் சைக்கிள்தான் இந்த வாயுவைக் கூடுதலாக விடும். அதற்காக டீசல் புகை நல்லதென்று எண்ண வேண்டாம். அது புற்றுநோயை உண்டாக்கும் என்று 2012இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் வகைப்படுத்தியது.

இதை நான் புத்தகத்தில் படித்து மட்டும் சொல்லவில்லை. மீள்குடியேறிய புதிதில், எங்கள் பகுதிக்குக் கரண்ட் வராத காலம், வீட்டில் ஒரு விசேஷம். மழை என்று ஜெனரேற்றரை விறாந்தையில் வைத்தோம். இரவு இரண்டு மணிக்கு மூத்தவன் எழும்பிச் சத்தி எடுத்தான். மனைவிக்குத் தலை சுற்றல். சாப்பாட்டில் பிழை என்றுதான் முதலில் நினைத்தோம். முற்றத்துப் பந்தலில் படுத்தவர்களும் அதே சாப்பாட்டைத்தான் சாப்பிட்டார்கள், அவர்களுக்கு ஒன்றுமில்லை. அதைக் கண்ட பிறகுதான் எனக்கு விளங்கியது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மழைக்குள் ஓடினேன். பொதுச் சுகாதாரப் பரிசோதகராக ஊர் ஊராகக் கிணறும் மலசலகூடமும் பார்த்துத் திரிந்த நான், என் வீட்டு விறாந்தையில் ஓடிய இயந்திரத்தை யோசிக்கவில்லை. இன்னும் ஒரு மணித்தியாலம் தூங்கியிருந்தால் என்ற நினைப்பு இன்றும் நெஞ்சைப் பதற வைக்கிறது.

சரி, இனிச் செய்ய வேண்டியதைப் பார்ப்போம். முதல் வேலைக்குக் காசே தேவையில்லை. நாளைக் காலையிலிருந்து சைக்கிளை முற்றத்துக்கு உருட்டிக்கொண்டு போய், அங்கேதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். கானையும் அங்கேதான் கட்ட வேண்டும். மழைக்கு முற்றத்தில் நாலு கம்பு நட்டு இரண்டு தகரம் போட்டால் போதும். கேற்றை முழுவதும் திறந்துவிட்டு உள்ளே ஓடவிடலாமா என்று கணவர் கேட்பார். வாடை முகத்துக்கு நேரே அடிக்கும்போது திறந்த கேற் புகையை வெளியே விடாது, உள்ளேதான் தள்ளும். திரும்பி வரும்போதும் வெளியிலேயே எஞ்சினை நிறுத்தி, சூடு ஆறிய பிறகு உள்ளே எடுக்கட்டும். நிறுத்திய பிறகும் சூட்டுக்குப் பெற்றோல் ஆவி கிளம்பிக்கொண்டுதான் இருக்கும். அதில் பென்சீன் உண்டு. இவ்வளவு வரை சுவாசித்தால் பாதகமில்லை என்று பென்சீனுக்கு ஒரு எல்லை சொல்ல முடியாதென உலக சுகாதார நிறுவனம் 2010இல் வெளியிட்ட வழிகாட்டியில் எழுதியிருக்கிறது. லாண்ட்மாஸ்டரை உருட்டுவது கஷ்டம். அதை வீட்டோடு ஒட்டாமல் தனிக் கொட்டிலில் விடுங்கள். எங்கள் பழைய வளவுகளில் வண்டில் கொட்டில் வீட்டைத் தொட்டு நின்றதில்லை. காணி இருக்கிற ஊரில் அந்த வழக்கத்தை நாங்கள் ஏன் விட்டோம் என்று எனக்குக் கவலைதான்.

இரண்டாவது, மேசனைப் பிடித்து அந்தப் பொதுச் சுவரைக் கூரை வரை கட்டி, இரண்டு பக்கமும் பூசுங்கள். பூசாத சீமெந்துக்கல் சுவரின் பொருத்துகளுக்குள்ளாலும் காற்று போகும். வயர் போன ஓட்டைகளையும் அடையுங்கள். ஹோலுக்குப் போகும் கதவைக் கல் வைத்து மூடிவிடுவது என் விருப்பம். மழையில் சுற்றிப் போவது பத்து அடிதானே. முடியாது என்றால், கீழே படி வைத்து, நிலையைச் சுற்றி ரப்பர் ஒட்டி, தானாகச் சாத்தும் ஸ்பிரிங் பூட்டுங்கள். பத்தியின் வெளிச்சுவர்களில் எதிரெதிராக, நிலத்தோடு ஒரு வரிசையும் மேலே ஒரு வரிசையும் பூக்கல், அதாவது காற்றுப் போகத் துளை விட்ட கல், வையுங்கள். பெற்றோல் ஆவி காற்றை விடப் பாரமானது, நிலத்தில்தான் படுக்கும். ஆகவே மேலே மட்டும் வைத்துவிட்டுப் போகும் மேசனை விடாதீர்கள். வயல் மருந்துக்கும் தாங்கிக்கும் வளவில் பூட்டுப் போட்ட தனிப் பெட்டி வேண்டும்.

மகளை இன்றைக்கே வேறு அறைக்கு மாற்றிப் படுக்க விடுங்கள். ஒரு கொப்பியில் திகதி, தலையிடி, மழை மூன்றையும் எழுதி வரட்டும். அதோடு வைத்தியரிடமும் கூட்டிக்கொண்டு போங்கள், கண்பார்வையாலும் தலையிடி வரலாம். போகும்போது புகை விஷயத்தை நீங்களாகவே வாய் திறந்து சொல்ல வேண்டும். விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் சாதாரணக் கருவி, காபனோரொட்சைட்டு பிடித்த ரத்தத்தையும் நல்ல ரத்தமாகவே காட்டும். இதற்குள் எப்போதாவது ஒருவர் மயங்கினால், வீட்டில் எல்லோரையும் வெளியே எடுத்துவிட்டு 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள். ஜன்னலைத் திறந்துகொண்டு உள்ளே நிற்க வேண்டாம்.

கேள்வி: 2022 எரிபொருள் தட்டுப்பாட்டுக் காலத்திலிருந்து வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் இரண்டு கான் பெற்றோல் வைத்திருக்கிறோம். மணம் வீட்டுக்குள் வருகிறது. பின்னேரத்தில் அங்கே சாம்பிராணி போடுகிறோம். போதுமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: தம்பி, அங்கே சாம்பிராணியை இன்றோடு நிறுத்துங்கள். மணம் வருகிறது என்றால் ஆவி கசிகிறது என்றுதான் அர்த்தம். அது நிலத்தோடு ஊர்ந்து வந்து உங்கள் தணலைத் தொட்டால் கொட்டகையும் வீடும் சேர்ந்து எரியும். சாம்பிராணிப் புகை மணத்தை மறைக்குமே தவிர ஆவியைக் குறைக்காது. இப்போது வரிசை இல்லை, அந்தப் பெற்றோலும் பழசாகிப் போயிருக்கும். பகலில், அடுப்பு அணைந்திருக்கும் நேரம் பார்த்து இரண்டு கானையும் வெளியே எடுத்து, உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவரிடம் ஒப்படையுங்கள். கிணற்றடியிலோ வாய்க்காலிலோ ஊற்ற வேண்டாம்.