கணவன், மனைவி இருவர் மட்டும் அமெரிக்கத் தென்மேற்கில் காரில் சுற்றினால் சலித்துவிடுமா?

கேட்டிருப்பவர் தானும் மனைவியும் மட்டும் லாஸ் வேகாஸில் கார் எடுத்து அரிசோனா, யூட்டா பக்கம் சுற்றப் போகிறாராம். "இருவர் மட்டும் போனால் சலிக்கும், சண்டை வரும், குழுவாகப் போங்கள்" என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்களாம்.

சண்டை வரும். வீட்டில் இருந்தால் மட்டும் வராதா என்ன?

உங்களுக்குத் திருமணமாகி ஓரிரு ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அதைவிடப் பழைய தம்பதிகள் இப்படிக் கேட்க மாட்டார்கள். கையில் ஏற்கெனவே ஒரு பட்டியலும் இருக்கும், யாராவது அனுப்பியிருப்பார்கள். எங்களுக்கும் கணவரின் நண்பர் ஒருவர் எக்செல் தாள் அனுப்பினார். அதில் கிராண்ட் கேன்யன் என்ற மாபெரும் பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பும் வடக்கு விளிம்பும் ஒரே பிற்பகலில் இருந்தன. இரண்டுக்கும் இடையே 16 கிலோமீட்டர்தான், பறவையாக இருந்தால். காரில் போகிறவர்கள் பள்ளத்தைச் சுற்றிக்கொண்டு ஏறத்தாழ 340 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம் ஓட்ட வேண்டும். அந்தத் தாளை நான் அன்றே அழித்துவிட்டேன். அதனால் அந்த நண்பருக்கு இன்றுவரை மனத்தாங்கல்.

என் கட்சி இதுதான்: அதிசயங்களை மட்டும் வரிசையாக அடுக்கும் பயணம்தான் தம்பதிகளைச் சலிக்க வைக்கிறது. கிராண்ட் கேன்யனின் விளிம்பில் நின்று "எவ்வளவு பெரியது!" என்று ஒருமுறை சொல்லலாம். யூட்டாவின் பிரைஸ் கேன்யனிலும் அதையேதான் சொல்ல வேண்டும். அதற்கடுத்த இடத்தில் "என்னை ஏன் வெயிலுக்கு எதிராக நிற்க வைத்துப் படம் எடுத்தாய்" என்பதுதான் பேச்சாக இருக்கும். கிராண்ட் கேன்யனைக் குறை சொல்வதாக யாரும் கிளம்ப வேண்டாம். 1.6 கிலோமீட்டர் ஆழத்தை நானும் வாய் பிளந்துதான் பார்த்தேன். ஆனால் நாங்கள் பேசிச் சிரித்ததெல்லாம் நடுவில் இருந்த சிற்றூர்களில்.

முதலில் அரிசோனாவின் ஓட்மன். தங்கச் சுரங்கத்துக்காக உண்டான ஊர். சுரங்கம் மூடியதும் ஆட்கள் போய்விட்டார்கள், கழுதைகளை அவிழ்த்து விட்டுவிட்டு. அவற்றின் வாரிசுகள் இன்றும் கடைவீதியின் நடுவில் நிற்கின்றன. கார்தான் ஒதுங்கிப் போக வேண்டும். ஒரு கழுதை எங்கள் ஜன்னலுக்குள் தலையை விட்டுக் கணவரை நெடுநேரம் பார்த்தது. "உங்கள் அலுவலக மேலாளரா?" என்றேன். அன்று மாலைவரை சிரித்துக்கொண்டிருந்தோம்.

அந்த ஊரிலிருந்து மேலேறும் மலைப்பாதை பழைய ரூட் 66, ஒரு காலத்தில் சிகாகோவையும் கலிஃபோர்னியாவையும் இணைத்த நெடுஞ்சாலை. ஊசி வளைவுகள், பல இடங்களில் தடுப்புச் சுவர் கிடையாது. ஓட்டியது நான். கணவர் கண்ணை மூடிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஊருக்கு வந்த பிறகு ஒருவர் பாக்கியில்லாமல் அவரிடம்தான் "அவ்வளவு தூரம் ஓட்டினீர்களே, களைப்பாக இல்லையா?" என்று கேட்டார்கள். அவரும் "பரவாயில்லை" என்று பதில் சொன்னார்! கார் முன்பதிவு என் பெயரில் இருந்தும், வாடகை நிறுவனத்து ஊழியர் சாவியை அவர் கையில்தான் கொடுத்தார். சரி, விடுங்கள்.

அடுத்தது அதே ரூட் 66-இல் இருக்கும் செலிக்மன். 1978-இல் புதிய நெடுஞ்சாலை ஊரை ஒதுக்கிவிட்டுப் போனதும் வியாபாரம் படுத்துவிட்டது. 1985-இல் ரூட் 66 என்ற பெயரே அரசுப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஏஞ்சல் டெல்கடில்லோ என்ற முடிதிருத்துநர் விடவில்லை. 1987-இல் ஊர்க்காரர்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்து, பழைய சாலைக்கு வரலாற்றுச் சாலை என்ற தகுதியை அரிசோனா அரசிடம் வாங்கிவிட்டார். என் கணவர் அந்த ஊரில் பார்த்த ஒவ்வொரு பழைய காரின் முன்னும் நின்றார். நான் நிழலில் உட்கார்ந்துகொண்டேன். யாருக்கும் அவசரம் இல்லை. இதைக் குழுவோடு போய்ச் செய்து பாருங்கள்.

அடுத்து ஹோல்புரூக் என்ற ஊரில் கூம்புக் கூடார வடிவக் கான்கிரீட் அறையில் தங்கினோம். பக்கத்தில்தான் கல்மரங்கள் கிடக்கும் தேசியப் பூங்கா: 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள், உள்ளே சிலிக்கா புகுந்து படிகமாகி, வெட்டிப்போட்ட கட்டைகளாகக் கிடக்கின்றன. அங்கிருந்து திருடிய கல் துண்டுகளைப் பல ஆண்டுகள் கழித்துத் தபாலில் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். "எடுத்ததிலிருந்து கெட்ட காலம்" என்று கடிதமும் வைக்கிறார்கள். எந்த இடத்தில் எடுத்தது என்று தெரியாததால் பூங்காக்காரர்கள் அவற்றைத் திரும்பக் காட்டில் போட முடியாமல் தனிக் குவியலாகக் கொட்டி வைத்திருக்கிறார்கள். கடிதங்களைப் படித்துவிட்டு என் கணவர் தன் காலணியின் அடிப்பாகத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தார். முகம் தெரியாதவர்கள் கல்லையே திருப்பி அனுப்புகிறார்கள். அந்த எக்செல் நண்பரோ எங்கள் ஐஸ் பெட்டியை ஒரு முகாமுக்கு வாங்கிப் போனவர், இதுவரை மூச்சு விடவில்லை. வீடு இருபது நிமிடத் தொலைவுதான். பாலைவன வெயிலில் தண்ணீரைக் குளிரவைக்க நாங்கள் புதிதாக ஒரு பெட்டி வாங்க வேண்டியிருந்தது.

சண்டையைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா, அது ஹோல்புரூக்கிலிருந்து வடக்கே போனபோது வந்தது. கோடையில் அமெரிக்காவின் பெரும்பகுதி கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும். அரிசோனா தள்ளாது. அரிசோனாவுக்குள் இருக்கும் நவஹோ தேசம், அதாவது நவஹோ பழங்குடியினரின் தன்னாட்சி நிலம், தள்ளும். நவஹோ தேசத்துக்குள் இருக்கும் ஹோப்பி பழங்குடியினரின் நிலம் தள்ளாது. என் கைபேசி முன்னும் பின்னும் தாவிக்கொண்டிருந்தது. கணவர் தன் கைக்கடிகாரமே வேதம் என்றார். செம்பாறைகள் கோபுரம் கோபுரமாக நிற்கும் மான்யுமென்ட் வேலிக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தோம். நவஹோ வழிகாட்டி சலனமே இல்லாமல் அடுத்த வண்டியில் ஏற்றிவிட்டார், தினமும் இப்படி ஒரு ஜோடி வரும் போலிருக்கிறது. யாரால் தாமதம் என்பதில் எங்களுக்குள் இன்னும் உடன்பாடு இல்லை.

"குழந்தை இல்லாதவர்கள், பேசுவார்கள்" என்று கீழே எழுத ஒருவர் தயாராக இருப்பார். குழந்தைகளோடு போவதைப் பற்றிக் கேள்வியில் இல்லை, அதனால் நானும் எழுதவில்லை.

ஆகவே இருவராகவே போங்கள். வடக்கு விளிம்பை விட்டுவிடுங்கள், அது குளிர்காலத்தில் மூடியும் இருக்கும். தேசியப் பூங்காக்களுக்கு அங்கே வசிப்பவர்கள் வாங்கும் 80 டாலர் ஆண்டு அனுமதிச் சீட்டு மான்யுமென்ட் வேலியில் செல்லாது. அது நவஹோ மக்களின் சொந்தப் பூங்கா, கட்டணம் தனி. மனைவிக்கு ஓட்டத் தெரிந்தால் ஓட்மன் மலைப்பாதையை அவரிடம் கொடுத்துவிடுங்கள். ஊர் திரும்பிய பிறகு யாராவது கேட்டால், ஓட்டியது யார் என்பதையும் சொல்லுங்கள்.