கதை ஏறிய ஏற்காடு பஸ்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நண்பர்களோடு சேர்ந்து செல்போனிலேயே ஒரு குறும்படம் எடுத்தேன். எழுத ஒன்றும் தோன்றாமல் உட்கார்ந்திருக்கும் ஒருவனின் நோட்டிலிருந்து கதை ஒரு சிறுமியாக இறங்கி ஓடி, ஏற்காடு பஸ்ஸில் ஏறிவிடுகிறது. அவன் துரத்துகிறான். லிங்க் அனுப்பியிருந்தேன், பார்த்தீர்களா? பார்த்தவர்கள் 'லாஜிக் இல்லை' என்கிறார்கள். அதுகூடப் பரவாயில்லை, அடுத்த படத்துக்கு ஒன்றுமே தோன்றவில்லை. படத்தில் வருகிறவன் கதிதான் எனக்கும்.

க., அஸ்தம்பட்டி, சேலம்

அன்புள்ள க.,

பார்த்தேன். கண்டக்டர் அந்தச் சிறுமியை மேலும் கீழும் பார்த்துவிட்டு "அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?" என்று கேட்க, அவள் "நான் இன்னும் முடியலைங்க" என்கிறாளே, அங்கே சத்தமாகச் சிரித்துவிட்டேன். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவின் எண் பலகை வரும்போதும் அவள் சட்டையின் நிறம் மாறுகிறது. ஏன் என்று படம் சொல்வதில்லை. ஆனால் 20 வளைவிலும் தவறாமல் மாறுகிறது. இந்த மாதிரிப் படத்துக்கு அந்த லாஜிக் போதும்.

சறுக்கியது கடைசியில். லேடீஸ் சீட்டில் உட்கார்ந்துகொண்டு 'முயன்றால் நான் வருவேன்' என்று அவள் பேசும் இடத்தை வெட்டிவிடுங்கள். அதுவரை மிளகாய் பஜ்ஜி கேட்டு அடம்பிடித்த பிள்ளை திடீரென்று பட்டிமன்றப் பேச்சாளர் மாதிரி ஆகிவிடுகிறாள்.

அடுத்த படத்துக்கு வருவோம். ஏதாவது தோன்றிய பிறகுதான் கேமராவைத் தொடவேண்டும் என்று யார் சொன்னது? பாரிஸில் மேஜிக் நிபுணராக இருந்த ஜார்ஜ் மெலியெஸ், ஓபரா சதுக்கத்தில் படம்பிடித்துக்கொண்டிருந்தபோது பிலிம் சிக்கிக்கொண்டது. சரிசெய்து மறுபடி சுற்ற ஒரு நிமிடம் ஆனது. அதற்குள் தெருவில் ஆட்களும் வண்டிகளும் இடம் மாறியிருந்தார்கள். பிறகு திரையில் ஓட்டிப் பார்த்தால், போய்க்கொண்டிருந்த குதிரை பஸ் சவ வண்டியாகிவிட்டது, ஆண்கள் பெண்களாகிவிட்டார்கள். 1907-இல் அவரே எழுதியது இது. (கொஞ்சம் அளந்தும் இருக்கலாம், மேஜிக்காரர் அல்லவா.) கேமராவை நிறுத்தி, ஆளை மாற்றி, மறுபடி ஓட்டும் அந்த வித்தையை வைத்தே மாயப் படங்களாக எடுத்துத் தள்ளினார். உங்கள் சட்டை வித்தையும் அதுதானே?

உங்கள் பஸ் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோவின் பழைய முகப்பைத் தாண்டித்தான் மலைக்குப் போகிறது. கேமரா அதைக் கண்டுகொள்ளவே இல்லை, எனக்கு வருத்தம். 1940-இல் அவர்கள் எடுத்த 'உத்தம புத்திரன்' படத்தில் பி.யு.சின்னப்பாவுக்கு இரட்டை வேடம். இயக்கியவர் டி.ஆர்.சுந்தரம். ஒரே ஆளை ஒரே ஷாட்டில் இரண்டு பேராகக் காட்ட அந்தக் காலத்தில் லென்ஸில் பாதியை மறைத்து எடுப்பார்கள். பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, எடுத்த பாதியை மூடி, மூடிய பாதியைத் திறந்து, நடிகர் வேறு உடையில் வந்ததும் அதே பிலிமில் மறுபடி எடுப்பார்கள். கேமரா துளி அசைந்தாலும் நடுவில் கோடு தெரிந்துவிடும். அந்தக் கோட்டைத் தாண்டி நடிகர் கையைக்கூட நீட்ட முடியாது.

கதையைத் தேடாதீர்கள். அந்தக் கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். டீக்கடை பெஞ்சில் இந்த ஓரம் ஒருவன், அந்த ஓரமும் அவனே. டீ அந்தப் பக்கம் இருக்கிறது, இவனுக்கு வேண்டும், கை நீட்டக் கூடாது. என்ன செய்வான்? இப்போது செல்போன் ஆப்பிலேயே இரண்டு பாதியையும் ஒட்டிவிடலாம். ஸ்டாண்டை மட்டும் யாரும் தட்டிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு பாதியையும் அடுத்தடுத்து எடுத்துவிடுங்கள், வெயில் நகர்ந்தால் நிழல் காட்டிக்கொடுத்துவிடும்.