போனஸ் கட்டியும் குறையாத கார்டு பாக்கி

கேள்வி: நானும் என் மனைவியும் வேலைக்குச் செல்கிறோம். ஐந்து ஆண்டுகளில் இருவரின் சம்பளமும் நன்றாகவே உயர்ந்திருக்கிறது; ஆனாலும் கிரெடிட் கார்டு பாக்கி எங்களை விட்டபாடில்லை. ஒரு மாத வருமானத்துக்கு இணையான ஆண்டு போனஸை அப்படியே கார்டில் கட்டிவிடுகிறோம். அடுத்த போனஸ் வருவதற்குள் பாக்கி பழைய அளவுக்கு ஏறிவிடுகிறது. சராசரியாக அது எங்கள் இரண்டு மாத வருமானத்துக்குச் சமம். வட்டி மாதம் 3 சதவீதம். செலவு நோட்டின்படி, கார்டு வட்டி நீங்கலாக, மாதம் 10 சதவீதம் மிஞ்ச வேண்டும். இன்சூரன்ஸ் பிரீமியம், கல்விக் கட்டணம், வாகனப் பழுது, மருத்துவம் ஆகியவற்றுக்கு ஆண்டுக்கு ஒன்றரை மாத வருமானம் போகிறது; மாதச் செலவு அல்ல என்பதால் அவற்றை நோட்டில் எழுதுவதில்லை. யார் அதிகம் செலவழிக்கிறார்கள் என்ற வாக்குவாதம்தான் மிச்சம். மாதம் 1.25 சதவீத வட்டிக்கு மூன்றாண்டுத் தனிநபர் கடன் கிடைக்கிறது. அதை வாங்கிக் கார்டை முடித்துவிடலாமா?

பதில்: கடன் வாங்கலாம், ஆனால் மூன்றாண்டுக்கு வேண்டாம், அதை மட்டும் நம்பியும் வேண்டாம். காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உங்கள் மாத வருமானத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 10 மிஞ்சுகிறது. பாக்கி 200 என்பதால் அதில் 6 வட்டிக்கே போய்விடுகிறது. எஞ்சும் 4, பன்னிரண்டு மாதங்களில் 48 ஆகிறது. போனஸ் 100-ஐச் சேர்த்தால் 148. நோட்டில் ஏறாத ஆண்டுச் செலவுகளோ 150. வந்ததும் போனதும் ஏறக்குறைய சமமாக இருக்கும்போது பாக்கி எப்படிக் குறையும்? இதில் உங்கள் இருவரில் யாரையும் ஊதாரி என்று சொல்ல இடமில்லை.

ஒரு சிக்கலைத் தனித்தனிச் செலவுகளாகவோ தனித்தனி மனிதர்களின் குணமாகவோ பார்க்காமல், ஒன்றையொன்று இயக்கும் பகுதிகளின் தொகுப்பாகப் பார்ப்பதை அமைப்புச் சிந்தனை என்கிறார்கள். அத்துறையின் முன்னோடிகளில் ஒருவரான ஜே ஃபாரஸ்டர், 1956-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மேலாண்மைப் பள்ளியில் சேர்ந்தபின், ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் வீட்டு உபயோகப் பொருள் ஆலைகளில் ஒரு புதிரை ஆராய்ந்தார். சில காலம் ஆட்கள் கூடுதல் நேரம் உழைப்பதும், பிறகு பலர் வேலையிழப்பதும் அங்கே மாறிமாறி நடந்தன. சந்தையின் ஏற்ற இறக்கமே காரணம் என்று எல்லோரும் நம்பினார்கள். ஆள் எடுப்பதற்கும் சரக்கு இருப்பு வைப்பதற்கும் நிறுவனம் கடைப்பிடித்த விதிகளைத் தாளில் எழுதிக் கணக்கிட்ட அவர், ஆர்டர்கள் சீராக வந்தாலும் அந்த விதிகளே ஏற்ற இறக்கத்தை உண்டாக்கும் என்று காட்டினார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு விதி, யாரும் பேசி முடிவெடுக்காமலே, நடப்பில் இருக்கிறது: கையில் இருப்பு இல்லாதபோது பெரிய செலவு வந்தால் கார்டில் போடுவது, போனஸ் வந்தால் கார்டில் கட்டுவது. இருப்பு இல்லாததால் பிரீமியம் கார்டுக்குப் போகிறது; கார்டின் வட்டி மாத மிச்சத்தைத் தின்கிறது; மிச்சம் இல்லாததால் இருப்பு சேர்வதில்லை; அடுத்த பிரீமியமும் கார்டுக்கே போகிறது. இதற்குள் இன்னொரு சிறிய வளையமும் உண்டு. முந்தைய பாக்கியை முழுமையாகக் கட்டாதவருக்குப் பெரும்பாலான கார்டுகளில் வட்டியில்லாக் காலம் கிடையாது. ஆகவே இன்று வாங்கும் சாதாரணப் பொருளுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்குகிறது. போனஸ் தரும் சில மாத நிம்மதி இவற்றில் எதையும் உடைப்பதில்லை. சொல்லப்போனால், இருப்பு சேர்க்க வேண்டிய அவசரத்தைத் தணித்து, வளையம் நீடிக்கவே அது உதவுகிறது.

சம்பள உயர்வு ஏன் உதவவில்லை என்பதற்குத் தாமதமே காரணமாக இருக்கலாம். உயர்வு இந்த மாதம் வருகிறது, பெரிய வாகனம் வாங்கும் முடிவும் இந்த மாதமே எடுக்கப்படுகிறது. ஆனால் அதன் இன்சூரன்ஸ் புதுப்பிப்பும் பழுதுச் செலவும் ஓராண்டு கழித்துத்தான் தலைகாட்டுகின்றன. அப்போது அவை எதிர்பாராத செலவுபோலத் தோன்றுகின்றன.

இப்போது கடனுக்கு வருவோம். 200-ஐ மூன்றாண்டுக் கடனாக மாற்றினால் மாதத் தவணை ஏறத்தாழ 7. மிஞ்சும் 3, ஆண்டுக்கு 36. போனஸுடன் சேர்த்து 136. தேவை 150 என்பதால், 14 மீண்டும் கார்டில் ஏறும். அதாவது கடனும் இருக்கும், கார்டு பாக்கியும் முளைக்கும். நான்காண்டு என்றால் தவணை ஏறத்தாழ 5.6; மிஞ்சுவதும் போனஸும் சேர்ந்து 153. மயிரிழையில்தான் என்றாலும், கணக்கு தேறிவிடுகிறது. கூடுதலாகும் ஓராண்டுக்காக மொத்த வட்டி 17 அல்லது 18 அதிகமாகும். கார்டுக்கு நீங்கள் ஓராண்டில் தரும் 72-உடன் ஒப்பிட்டால் அது தாங்கக்கூடியதே.

அடுத்து நான் சொல்வதைச் சிலர் ஏற்கமாட்டார்கள். போனஸைக் கடனில் கட்டாதீர்கள். தனிச் சேமிப்புக் கணக்கில் போடுங்கள், மாத மிச்சத்தையும் சம்பளம் வந்த அன்றே அதில் சேருங்கள். வட்டி கொடுத்துக்கொண்டே சேமிப்பது நஷ்டம் என்பது, கடனை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், சரியான வாதம்தான். ஆனால் அந்தக் கணக்கு காலியாக இருந்தால் அடுத்த பிரீமியம் மாதம் 3 சதவீத வட்டிக்குப் போகும் என்பதை அந்த வாதம் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இதே காரணத்துக்காகக் கடனைப் போனஸ் வரும் மாதத்தையொட்டித் தொடங்குவது நல்லது. கணக்கு வெறுமையாக இருக்கும் மாதங்கள் குறையும்.

கார்டு முடிந்த அன்றே அதன் உச்சவரம்பை ஒரு மாத வருமானத்தில் பாதிக்குக் குறைக்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். ரத்து செய்ய வேண்டியதில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் ஆண்டுச் செலவுகள் அனைத்தையும் அவை வரும் மாதத்தோடு எழுதி, பன்னிரண்டால் வகுத்த தொகையை மாதச் செலவாகவே காட்டுங்கள். மாதம் 12.5 என்று அது வரும்; 10 மிஞ்சுவதாக நோட்டு காட்டியது எவ்வளவு பிழை என்று இருவருக்கும் சேர்ந்தே புரியும். அடுத்த சம்பள உயர்வு வந்தால், ஓராண்டு வரை புதிய பொறுப்பு எதையும் ஏற்காமல் அதையும் அந்தக் கணக்குக்கே திருப்பிவிடுங்கள். கடன் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பரிசீலனைக் கட்டணம் எவ்வளவு, முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பரிசீலனைக் கட்டணம் 3-ஐ, அதாவது மாத வருமானத்தில் 3 சதவீதத்தை, தாண்டினால், மேலே சொன்ன 153-இன் முதலாண்டு மிச்சம் அதிலேயே கரைந்துவிடும் என்பதால், வேறு வங்கியிலும் விசாரித்துவிட்டு முடிவெடுங்கள்.